இணையத்துச் சமையல் குறிப்புகள்: தேடுவதும் தேர்வதும்

வேலைக்காகப் பெங்களூருக்கு வந்து தனியாக வீடு எடுத்துத் தங்கியிருக்கும் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: "வெண்பொங்கல் என்று இணையத்தில் தேடினால் நூற்றுக்கணக்கான குறிப்புகள் வருகின்றன. ஒருவர் ஒன்றுக்கு மூன்று பங்கு தண்ணீர் என்கிறார், இன்னொருவர் ஐந்து என்கிறார். நட்சத்திரம் அதிகம் வாங்கியதைப் பார்த்துச் செய்தாலும் வீட்டில் அம்மா வைக்கும் ருசி வருவதில்லை. நல்ல குறிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? காணொளியைப் பார்ப்பதா, எழுத்தைப் படிப்பதா? செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுச் சமைக்கலாமா? பேசாமல் ஒரு சமையல் புத்தகம் வாங்கிவிடலாமா?"

தண்ணீர்க் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். வெண்பொங்கலுக்கு ஒரு டம்ளர் பச்சரிசியும் அரை டம்ளர் பாசிப்பருப்பும் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று பங்கு என்பவர் பெரும்பாலும் அரிசியையும் பருப்பையும் சேர்த்து ஒன்றரை டம்ளராக எண்ணுகிறார். அப்படியானால் அவர் ஊற்றுவது நாலரை டம்ளர். ஐந்து பங்கு என்பவர் அரிசியை மட்டும் எண்ணுகிறார். அவர் ஊற்றுவது ஐந்து டம்ளர். மலைக்கும் மடுவுக்குமாகத் தெரிந்த வேறுபாடு உண்மையில் அரை டம்ளர்தான். அதற்கும் காரணம் இருக்கும்: குக்கரில் வைப்பவருக்குக் குறைவாகப் போதும், திறந்த பாத்திரத்தில் வைப்பவருக்கு ஆவியாகிப் போவதையும் சேர்த்து ஊற்ற வேண்டும், பழைய அரிசி கூடுதலாகக் குடிக்கும், புது அரிசி சீக்கிரம் குழையும், பொங்கல் ஆற ஆற இறுகும் என்பதால், அடுப்பிலிருந்து நேராக இலைக்குப் பரிமாறுகிறவரும் டப்பாவில் அடைத்து அலுவலகத்துக்கு எடுத்துப் போகிறவரும் ஒரே அளவு ஊற்ற மாட்டார்கள். ஆகவே 'எது சரி' என்று கேட்பதற்கு முன்னால் 'இவர் எதை ஒன்று என்கிறார், எதில் வைக்கிறார், எப்போது சாப்பிடுகிறார்' என்று கேட்க வேண்டும். இந்த மூன்றுக்கும் விடை சொல்லாத குறிப்பு எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தாலும் பாதிக் குறிப்புதான்.

இதிலிருந்து ஒரு வழிமுறை கிடைக்கிறது. புதிதாக ஒன்றைச் செய்யப்போகும்போது ஒரே ஒரு குறிப்பை நம்பி இறங்காமல், நான்கைந்தைத் திறந்து அளவுகளை மட்டும் ஒரு தாளில் அருகருகே எழுதிப் பாருங்கள். எல்லாவற்றிலும் பொதுவாக வருவது அந்தப் பதார்த்தத்தின் எலும்புக்கூடு. மாறி மாறி வருவது ஊரும் வீடும் நாக்கும் சேர்க்கும் சதை. வெண்பொங்கலில் மிளகு, சீரகம், இஞ்சி, நெய், முந்திரி, கறிவேப்பிலை எல்லாரிடமும் இருக்கும். பருப்பை வறுப்பதா வேண்டாமா, மிளகை முழுதாகப் போடுவதா ஒன்றிரண்டாகத் தட்டுவதா, கடைசியில் காய்ச்சிய பால் ஊற்றுவதா என்பவை மாறும். எலும்புக்கூட்டில் ஒருவர் மட்டும் விலகிப் போயிருந்து, அதற்குக் காரணமும் சொல்லியிருந்தால் அவரிடம் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று பொருள். காரணம் சொல்லாமல் விலகியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

இந்த ஒப்பீட்டில் ஓர் எச்சரிக்கை உண்டு. நான்கு பக்கங்களும் அதே வரிசையில், அதே கால் டீஸ்பூன் பெருங்காயத்தோடு, அதே எழுத்துப்பிழையோடு இருந்தால், அவை நான்கு சாட்சிகள் ஆகா. ஒன்றிலிருந்து மூன்று நகல் எடுத்திருக்கிறார்கள். வெறும் பொருள் பட்டியலுக்கு அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமைப் பாதுகாப்பு கிடையாது. மற்ற நாடுகளிலும் இதைத் தேடிப் பிடித்து வழக்குப் போடுகிறவர்கள் அரிது. எனவே பட்டியல்கள் தளத்துக்குத் தளம் தாராளமாகத் தாவுகின்றன. சமைத்துப் பார்த்தவரின் எழுத்தில் மட்டும் நகலெடுக்க முடியாத சில்லறை விவரங்கள் இருக்கும்: 'இந்த இடத்தில் கொஞ்சம் அடிப்பிடிக்கப் பார்க்கும், தீயைக் குறையுங்கள்' என்பது போன்றவை. நான் முதலில் தேடுவது அவற்றைத்தான்.

தேடும் சொல்லைப் பற்றி. பதார்த்தத்தின் பெயரை மட்டும் கொடுத்தால் தேடுபொறி உங்களுக்கு எது வேண்டும் என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது, அதன் ஊகம் பெரும்பாலும் அதிகம் பேர் பார்த்ததன் பக்கம் சாயும். 'சொதி' என்று தேடுங்கள். திருநெல்வேலிச் சொதி பாசிப்பருப்பும் தேங்காய்ப் பாலும் பல காய்களும் சேர்ந்த கெட்டியான கல்யாண வீட்டுச் சமையல், இஞ்சித் துவையலோடு சோற்றில் பிசைந்து சாப்பிடுவது. யாழ்ப்பாணச் சொதி இடியாப்பத்துக்கும் பிட்டுக்கும் ஊற்றிக்கொள்ளும், மஞ்சள் போட்ட, தண்ணீராக ஓடும் தேங்காய்ப் பால். இரண்டும் கலந்த பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்துச் செய்துவிட்டு 'சரியாக வரவில்லை' என்றால் குறை உங்கள் கையில் இல்லை. பிரியாணியிலும் இதே கதைதான். ஆம்பூர்ப் பிரியாணி சீரகச் சம்பாவில், காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதோடு செய்வது. ஐதராபாத்துப் பிரியாணியில் பாசுமதியைத் தனியே அரைவேக்காடாக வேகவைத்து வடித்து, கறியின்மேல் அடுக்கித் தம் போடுவார்கள். ஒன்றின் அரிசியை இன்னொன்றின் தண்ணீர்க் கணக்கில் போட்டால் பிரியாணிக்குப் பதில் குழைந்த சோறுதான் கிடைக்கும். ஆகவே பெயரோடு ஊர், கருவி, கட்டுப்பாடு மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள்: 'திருநெல்வேலி சொதி', 'மிக்ஸியில் அரைக்கும் இட்லி மாவு', 'வெங்காயம் பூண்டு இல்லாத சாம்பார்'. வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி இட்டால் அது வரும் பக்கங்கள் விலகும். இரட்டை மேற்கோளுக்குள் இட்டால் அந்தத் தொடர் அப்படியே இருக்கும் பக்கங்கள் முன்னால் வரும்.

எழுத்து வடிவத்தையும் மாற்றிப் பாருங்கள். தமிழ் எழுத்தில் தேடினால் பெண்கள் இதழ்களின் பாணியில் சுருக்கமாக எழுதப்பட்ட குறிப்புகள் கூடுதலாக வரும். ரோமன் எழுத்தில் தேடினால் படிப்படியாகப் படம் போட்ட நீளமான பக்கங்கள் வரும். 'குழம்பு' என்பதில் உள்ள ழகரத்தை ரோமன் எழுத்தில் எழுதுவதில் நம்மவர்களிடையே ஒற்றுமை இல்லாததால், ஒரு எழுத்துக்கூட்டலில் அகப்படாதது இன்னொன்றில் அகப்படும். இலங்கைத் தமிழ்ச் சமையல் வேண்டுமென்றால் அங்குள்ள காய்ப்பெயரையே கொடுக்க வேண்டும்: சென்னையில் வெள்ளைப் பூசணி எனப்படுவது யாழ்ப்பாணத்தில் நீற்றுப்பூசணி.

பக்கங்கள் ஏன் இவ்வளவு நீளமாக இருக்கின்றன, பொருள் பட்டியலுக்கு வருவதற்குள் எழுதியவரின் தாத்தா காலத்துக் கதை வரை ஏன் கேட்க வேண்டியிருக்கிறது என்று பலரும் சலித்துக்கொள்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் குறிப்புக்கு வருமானம் விளம்பரத்திலிருந்து வருகிறது. பக்கம் நீண்டால் விளம்பரத்துக்கு இடம் கூடும், தேடுபொறி பொருத்திப் பார்ப்பதற்கான சொற்களும் கூடும். பெரும்பாலான தளங்களில் மேலேயே குறிப்புக்கு நேராகத் தாவும் பொத்தான் இருக்கிறது, அதை அழுத்திவிடலாம். ஆனால் முதல் தடவை செய்யும்போது மட்டும் இடையில் உள்ளதை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், ஏனென்றால் எந்தப் பருப்பு, எவ்வளவு தீ, எங்கே தவறும் என்ற விவரங்கள், பொருளையும் செய்முறையையும் சுருக்கித் தரும் குறிப்பு அட்டைக்கு வெளியே, அந்தக் கதைகளுக்கு நடுவில்தான் ஒளிந்திருக்கும்.

தேடல் முடிவுகளில் நட்சத்திரத்தையும் சமையல் நேரத்தையும் காட்டும் வழக்கம் 2011ஐ ஒட்டித் தொடங்கியது. அந்த ஆண்டு கூகுள் சமையல் குறிப்புகளுக்கெனத் தனித் தேடலைக் கொண்டுவந்தது. கூகுள், பிங், யாகூ மூன்றும் சேர்ந்து, பக்கத்தில் உள்ள தகவலைக் கணினிக்குப் புரியும்படி குறிக்கும் பொது முறை ஒன்றையும் வெளியிட்டன. அதிலிருந்து 'மொத்தம் 20 நிமிடம்' என்ற எண்ணே விளம்பரமாக வேலை செய்யத் தொடங்கிவிட்டது. உண்மையான நேரத்தைப் போடுகிறவருக்கு அதனால் ஆதாயம் இல்லை. இருபது நிமிடக் காரக்குழம்பில் கால் கிலோ சின்ன வெங்காயத்தை உரிக்கும் நேரம் சேர்ந்திருக்காது, புளி ஊறும் நேரமும் சேர்ந்திருக்காது. வெங்காயம் வதக்கும் நேரம் உலகெங்கும் பொய் சொல்லப்படும் இடம். அதை ஆழ்ந்த பழுப்பு நிறத்துக்குக் கொண்டுவர அரை மணி முதல் முக்கால் மணி வரை ஆகும், ஐந்து பத்து நிமிடம் என்று எழுதுகிறவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று 2012இல் ஓர் அமெரிக்க இணைய இதழ்க் கட்டுரை சாடியது. 2017இல் பார்த்தால், கூகுளின் பதில் பெட்டி அதே கட்டுரையிலிருந்து, அது மறுப்பதற்காக எடுத்துக் காட்டியிருந்த 'சுமார் 5 நிமிடம்' என்ற தொடரைப் பிய்த்தெடுத்து விடையாகக் காட்டிக்கொண்டிருந்தது. நேரத்தை வழிகாட்டியாகக் கொள்ளாதீர்கள். 'பச்சை வாசனை போகும் வரை', 'எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மிதக்கும் வரை', 'கரண்டியில் எடுத்தால் மெல்ல வழுக்கி விழும் வரை' என்று பதத்தைச் சொல்லும் குறிப்பைத் தேடுங்கள். நம் வீட்டுச் சமையல் மொழி தொன்றுதொட்டே பதத்தில்தான் பேசிவந்திருக்கிறது.

அடுத்தது அளவு. கப் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல கொள்ளளவுகள் இருக்கின்றன. அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி. ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி. மின்சார அரிசிக் குக்கரோடு கொடுக்கும் கப் 180 மில்லி. மேசைக்கரண்டி பெரும்பாலான நாடுகளில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் மட்டும் 20. பொங்கல், உப்புமா, கேசரி போன்று பங்குக் கணக்கில் போகும் பதார்த்தங்களுக்கு இது பொருட்டில்லை. உங்கள் வீட்டு டம்ளர் எதுவானாலும், எல்லாவற்றையும் அதனாலேயே அளந்தால் விகிதம் மாறாது. சிக்கல் எழுவது கப்பும் கரண்டியும் ஒரே குறிப்பில் கலக்கும்போதுதான். 180 மில்லி டம்ளரால் மாவை அளந்துவிட்டு, 240 மில்லி கப்புக்கு எழுதிய கணக்கில் உப்பும் சோடாவும் போட்டால் இரண்டும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். உப்பிலேயே இன்னொரு பொறி உண்டு: அமெரிக்கக் குறிப்புகள் பலவற்றில் வரும் கோஷர் உப்பு செதில் செதிலானது, சில வகைகள் ஒரு கரண்டிக்கு நம் பொடியுப்பில் ஏறக்குறைய பாதி எடைதான் இருக்கும். அங்கே ஒரு கரண்டி என்றிருப்பதை இங்கே பொடியுப்பில் அப்படியே போட்டால் வாயில் வைக்க முடியாது. ஆப்ப சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றுக்கொன்று மாற்றாகா. முன்னது பின்னதைப்போல மூன்று நான்கு மடங்கு வீரியம் கொண்டது.

கேக், ரொட்டி போன்றவற்றுக்குக் கிராமில் அளவு தராத குறிப்பை நான் தொடுவதே இல்லை. ஒரு கப் மைதா, லேசாக அள்ளித் தட்டி மட்டம் செய்தால் 120 கிராம், கப்பையே பொட்டலத்துக்குள் விட்டு அமுக்கி எடுத்தால் 150 வரை போகும். அந்த முப்பது கிராமில்தான் மெத்தென்ற கேக்கும் செங்கல்லும் பிரிகின்றன. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மின்னணுத் தராசு, பத்துப் புத்தகங்களைவிடப் பயன் தரும்.

கருவியும் ஊரும் குறிப்பில் வராமல் விட்டுப்போகும் பொருள்கள். 'மூன்று விசில்' என்பது ஓர் அளவே இல்லை. ஐந்து லிட்டர் குக்கரில் கொஞ்சமாகப் பருப்பு வைத்தால் முதல் விசில் வரவே நேரமாகும், அதற்குள் பாதி வெந்திருக்கும். மூன்று லிட்டரில் பெரிய தீயில் வைத்தால் மூன்று விசிலும் சடசடவென்று வந்துவிடும், பருப்பு வெந்திருக்காது. நம் ஊர் விசில் குக்கர் சுமார் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில், 120 டிகிரியை ஒட்டி வேலை செய்கிறது. மின்சாரப் பல்பயன் குக்கர்கள் பல அதைவிடக் குறைந்த அழுத்தத்தில் இயங்குவதால் அவற்றுக்கு எழுதிய நிமிடக் கணக்கு இதற்குப் பொருந்தாது. முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் எத்தனை நிமிடம் என்று சொல்லும் குறிப்பு நம்பத்தக்கது.

நீங்கள் இருக்கும் பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக, சென்னையில் எழுதப்பட்ட குறிப்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். அதைவிட முக்கியம், இட்லி மாவு. சென்னையின் புழுக்கத்தில் இரவு எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும் மாவு, பெங்களூரின் டிசம்பர் இரவில் பன்னிரண்டு மணி நேரமானாலும் அசையாமல் கிடக்கும். குறிப்பில் 'எட்டு மணி நேரம்' என்றிருந்தால் 'இரட்டிப்பாகும் வரை' என்று மாற்றிப் படித்துக்கொண்டு, பாத்திரத்தை விளக்கு மட்டும் எரியும் ஓவனுக்குள்ளோ கம்பளி சுற்றியோ வையுங்கள். அரைக்கும் கருவியும் கணக்கை மாற்றும்: கிரைண்டரில் உளுந்து நன்றாகப் பொங்கி வருவதால் நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போதும், மிக்ஸியில் அவ்வளவு காணாது, சூடும் ஏறும், அதனால் மூன்றுக்கு ஒன்று என வைத்துக்கொண்டு குளிர்ந்த நீர் ஊற்றி அரைப்பது வழக்கம். எதில் அரைக்கிறோம் என்று சொல்லாமலே விகிதம் மட்டும் கொடுக்கும் இட்லிக் குறிப்புகள் எண்ணிலடங்கா.

காணொளியா எழுத்தா என்ற கேள்விக்கு என் விடை: கைக்குக் காணொளி, கணக்குக்கு எழுத்து. அதிரசத்துக்குப் பாகு தண்ணீரில் விட்டால் உருட்ட வர வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதலாம். விரல் நுனியில் அது திரள்வதைப் பத்து விநாடி பார்த்தால் தெரிந்துவிடும். முறுக்கு மாவின் இறுக்கம், தோசைக்கல்லில் மாவைச் சுழற்றும் வேகம், இடியாப்ப மாவில் வெந்நீர் ஊற்றிக் கிளறும் விதம், தாளிக்கும்போது கடுகு வெடித்து ஓயும் சத்தம் ஆகியவை பார்த்தும் கேட்டும்தான் பிடிபடும். ஆனால் காணொளிக்கும் விளம்பரக் கணக்கு உண்டு. யூடியூபில் இடையில் விளம்பரம் போடக் காணொளி முன்பு 10 நிமிடம் ஓட வேண்டியிருந்தது, 2020 சூலையில் அது 8 நிமிடமாகக் குறைந்தது. தேங்காய்ச் சட்னிக்கு எட்டரை நிமிடம் எடுத்துக்கொள்பவர்களின் காரணம் இப்போது விளங்கும். மறுபக்கம், ஒரு நிமிடக் குறுங்காணொளிகளில் ஊறும் நேரமும் தீயின் அளவும் வெட்டுப்பட்டுப் போகின்றன. அவற்றைப் பார்த்து ஆசைப்படலாம், சமைக்க வேறு இடம் தேட வேண்டும். கீழே உள்ள விவரப் பெட்டியில் அளவுகளை எழுதி வைப்பவரா என்று பாருங்கள். மூடியைத் திறக்கும் இடத்தில் காட்சி வெட்டப்பட்டு, உள்ளே போனதைவிடப் பளபளப்பான வேறொன்று வெளியே வந்தால் ஐயப்படுங்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்திலிருந்து வரும் வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரரைத் தொட்ட முதல் தமிழ் சேனல். அதில் ஒரு பெரியவரும் அவருடைய பேரப்பிள்ளைகளும் வயல்வெளியில் ஊருக்கே சமைப்பதைப் பார்ப்பது தனி இன்பம். ஆனால் நூறு பேருக்கான அளவை ஐம்பதால் வகுத்து இரண்டு பேருக்குச் செய்ய முனையாதீர்கள். தண்ணீர் ஆவியாகும் வேகம் பாத்திரத்தின் வாயகலத்தையும் தீயையும் பொறுத்தது, மசாலாவின் உறைப்பும் நேர்விகிதத்தில் இறங்காது. இரண்டிலிருந்து நான்கு, நான்கிலிருந்து ஆறு என்று மாற்றலாம். அதற்கு மேல் போனால் வேறு குறிப்பு தேடுவது நல்லது.

கருத்துப் பெட்டியைப் படிக்கத் தெரிந்தால் அது குறிப்பைவிட மேலான பாடம். 'அருமை', 'சூப்பர்' எல்லாவற்றையும் தாண்டிப் போங்கள். 'இட்லி அரிசி இல்லாமல் ரேஷன் புழுங்கலரிசியில் செய்தேன், கொஞ்சம் தண்ணீர் குறைத்தேன்' என்பவரும், 'பாகு முறிந்துவிட்டது, ஏன்' என்று கேட்பவரும்தான் நமக்கு வேண்டியவர்கள். அதற்கு எழுதியவர் பொறுமையாகப் பதில் சொல்லியிருந்தால் அந்தத் தளத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய், சர்க்கரைக்குப் பதில் பேரீச்சை, மைதாவுக்குப் பதில் ராகி என்று எல்லாவற்றையும் மாற்றிவிட்டு 'சரியாக வரவில்லை' என்று ஒரு நட்சத்திரம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால், சராசரி மதிப்பெண்ணை நான் பொருட்படுத்துவதில்லை.

செயற்கை நுண்ணறிவு. 2023இல் நியூசிலாந்தில் ஒரு பேரங்காடி நிறுவனம் வெளியிட்ட சமையல் உரையாடுகருவி, வீட்டைத் துடைக்கும் பொருள்களைப் பட்டியலிட்டுக் கேட்டவருக்கு, கலந்தால் குளோரின் வாயு கிளம்பும் பானம் ஒன்றை நறுமண நீர் என்று பரிந்துரைத்தது. 2024 மே மாதம் கூகுளின் தானியங்கிச் சுருக்கம், பீட்சாவில் சீஸ் ஒட்ட மறுத்தால் சாஸில் நச்சற்ற பசை சேர்க்கச் சொன்னது; யாரோ பல ஆண்டுகளுக்கு முன் வேடிக்கையாக எழுதியதை அது மெய்யென்று எடுத்துக்கொண்டது. இவை கோமாளித்தனமாகத் தெரிவதால் எளிதில் பிடிபட்டுவிடும். பிடிபடாத தவறுதான் தொல்லை: சொதி கேட்டால் திருநெல்வேலியையும் யாழ்ப்பாணத்தையும் கலந்து, எந்த ஊரிலும் இல்லாத மூன்றாவது சொதியை நல்ல நடையில் எழுதிக் கொடுத்துவிடும். அது நாவில் வைத்துப் பார்த்து எழுதியதன்று, படித்தவற்றின் சராசரி. நான்கு பேருக்கான அளவை இரண்டு பேருக்கு மாற்றவும், பாரன்ஹீட்டைச் செல்சியசாக்கவும் (350 என்றால் ஏறத்தாழ 180), காய்ப்பெயர்களைப் பிற மொழிகளில் அறியவும், வீட்டில் இருக்கும் காய்களை வைத்து என்ன செய்யலாம் என்று யோசனை கேட்கவும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். விகிதத்துக்கு மட்டும் சமைத்துப் பார்த்த மனிதர் எழுதியதிடம் போங்கள்.

யாரும் எழுதிவிட்டார்கள் என்பதற்காகச் செய்துபார்க்கக் கூடாத சில இடங்கள் உண்டு. ராஜ்மாவில், அதிலும் சிவப்பு வகையில், பச்சையாக இருக்கும்போது வயிற்றைக் கலக்கும் நச்சுப் புரதம் இருக்கிறது; ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் நன்றாகக் கொதிக்கவைத்தே சமைக்க வேண்டும். மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வேகும் மின்பானையில் நேராகப் போடச் சொல்லும் குறிப்பைத் தள்ளுங்கள், குறைந்த சூடு அந்த நச்சைக் கூட்டவும் செய்யும். குக்கரில் வைப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கவிட்டு அறையிலேயே வைக்கச் சொல்வது இன்னொன்று: காற்றில்லாத அந்த எண்ணெய்க்குள் போட்டுலிசம் என்னும் கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும். நம் பூண்டு ஊறுகாயில் புளியோ எலுமிச்சையோ வினிகரோ சேர்வதும் உப்பு தூக்கலாக இருப்பதும் வெறும் ருசிக்காக மட்டும் வந்தவை என்று எண்ணி, உடல்நலத்தின் பெயரால் இரண்டையும் குறைக்கும் ஊறுகாய்க் குறிப்புகள் இப்போது பெருகிவிட்டன. குளிர்பெட்டியில் வைத்துச் சில நாள்களில் தீர்ப்பதானால் மட்டும் அவற்றைச் செய்யுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்கான உணவில் தேன் சேர்க்கச் சொல்லும் பக்கம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

கடைசியாக, வீட்டு ருசி வரவில்லை என்றது. எந்தக் குறிப்பிலும் அது வராது, ஏனென்றால் அந்த ருசியின் பெரும்பகுதி பொடி டப்பாவில் இருக்கிறது. சாம்பார்ப் பொடியில் மல்லிக்கும் மிளகாய்க்கும் உள்ள விகிதம், கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் சேர்க்கிறார்களா, வெந்தயம் எவ்வளவு கருகவிட்டு வறுக்கிறார்கள், மிளகு உண்டா என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். கடைப் பொடியைப் போட்டுவிட்டுக் குறிப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. உங்கள் அம்மாவிடம் பொடியை எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டால் 'கண்ணளவுதான்' என்பார். அதனால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தராசையும் கொண்டுபோய், அவர் வழக்கம்போல் கைப்பிடியாக அள்ளுவதை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் வாங்கி எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இணையத்தில் அந்த அளவுகளுக்கு மிக அருகில் வரும் குறிப்பைத் தேடி எடுத்தால், அந்தத் தளக்காரரின் மற்றக் குறிப்புகளும் உங்கள் நாக்குக்கு ஒத்துவர வாய்ப்பு அதிகம்.

சரியாக வந்த குறிப்பைப் புத்தகக்குறியாக மட்டும் விட்டுவைக்காதீர்கள். தளங்கள் மூடப்படும், முகவரிகள் மாறும், எழுதியவரே அளவைத் திருத்திவிடுவார். உங்கள் டம்ளர், உங்கள் குக்கர், உங்கள் அடுப்புக் கணக்கில் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். புத்தகம் வாங்குவதானால், உங்கள் வட்டாரச் சமையலைப் பற்றி ஒருவரே எழுதிய ஒன்று போதும். பலரிடம் திரட்டிய ஆயிரம் குறிப்புத் தொகுப்புகளில் ஓர் அளவு இன்னொன்றோடு ஒத்துப்போகாது. பழைய பதிப்பு கிடைத்தால் அதில் ஆழாக்கு, உழக்கு என்றிருக்கும்: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, எட்டு ஆழாக்கு ஒரு படி. படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறியதால், ஆழாக்கை மில்லியாக மாற்ற மெனக்கெடாமல், ஒரு டம்ளரை ஆழாக்கு என்று வைத்துக்கொண்டு அந்தப் புத்தகம் முழுவதையும் அதனாலேயே அளந்து செய்யுங்கள்.